டெஸ்ட் லேம்ப் எரிகிறதே, பிறகென்ன? - பழைய கார் கேள்வி பதில்

கேள்வி: 1936 மோரிஸ் எய்ட், 6 வோல்ட். ஹெட்லைட் எப்போதும் மங்கல்தான். மெக்கானிக் டெஸ்ட் லேம்ப் வைத்துப் பார்த்துவிட்டு, “கரண்ட் வருது, ஸ்விட்ச் நல்லாத்தான் இருக்கு” என்கிறார். பேட்டரி புதிது. வேறு எங்கே பார்ப்பது?
(வாசகர், கோவை)

பதில்: வேறெங்கும் போவதற்கு முன் அந்த ஸ்விட்சையே இன்னொரு முறை பாருங்கள். சின்ன டெஸ்ட் லேம்ப் அரை ஆம்பியர்கூட இழுக்காது. கருகிப்போன கான்டாக்ட் வழியாகவும் அவ்வளவு கரண்ட் தாராளமாகப் போகும். இணைப்பு இருந்தால் ஒலிக்கும் மீட்டரின் பஸ்ஸர் சத்தத்தை நம்பினாலும் இதே ஏமாற்றம்தான். 24 வாட் பல்பு இரண்டு எரிந்தால் 8 ஆம்பியர் வேண்டும். கான்டாக்ட்டில் வெறும் 0.1 ஓம் தடை இருந்தாலும் முக்கால் வோல்ட் அங்கேயே போய்விடும். வெளிச்சத்தில் மூன்றில் ஒரு பங்கு குறையும். 12 வோல்ட் வண்டியில் இதே தடை அவ்வளவாகத் தெரியாது.

ஆகவே லோடு ஏற்றித்தான், அதாவது லைட்டுக்கான முழுக் கரண்டும் ஓடும்போதுதான் சோதிக்க வேண்டும். மீட்டரை 20 வோல்ட் டி.சி.யில் வைத்து, ஹெட்லைட்டைப் போடுங்கள். ஒரு முனையை ஸ்விட்சுக்குக் கரண்ட் வரும் டெர்மினலிலும், மற்றதை லைட்டுக்குப் போகும் டெர்மினலிலும் வையுங்கள். 0.1 வோல்ட்டுக்குள் காட்டினால் ஸ்விட்சை விட்டுவிட்டு, லைட் பாடிக்கும் பேட்டரியின் எர்த் முனைக்கும் நடுவே இதேபோல் அளக்கலாம். 0.3-ஐத் தாண்டினால் பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு ஸ்விட்சைப் பிரியுங்கள். கான்டாக்ட்டை மெல்லிய அரத்தால் தேய்த்தால் போதும். எமரி பேப்பர் வேண்டாம், அதன் துகள் பித்தளையில் பதிந்துகொள்ளும். பலர் பார்க்கத் தவறுவது ஸ்விட்சின் பேக்கலைட்டில் (பழைய கால பிளாஸ்டிக்) அடித்திருக்கும் ரிவெட்டை. அது லூஸாகியிருந்தால் கான்டாக்ட்டை எவ்வளவு தேய்த்தும் பயனில்லை. மோதிரத்தைக் கழற்றிவிட்டு, லைட்டை ஐந்து நிமிடம் எரியவிட்டு டெர்மினலைத் தொட்டுப் பாருங்கள். லூஸான ரிவெட் சுடும்.

கேள்வி: லூகாஸ் கம்பெனியின் மூன்று பிரஷ் டைனமோ (பேட்டரியைச் சார்ஜ் செய்யும் பழைய வகை ஜெனரேட்டர்) உள்ள வண்டி. பகலில் ஓட்டும்போது இக்னிஷன் சிவப்பு லைட் அணைவதில்லை. ஹெட்லைட் போட்டால் அணைந்துவிடுகிறது! தலைகீழாக இருக்கிறதே?
(வாசகர், யாழ்ப்பாணம்)

பதில்: தலைகீழ் இல்லை. அந்த லைட்டின் ஒரு பக்கம் இக்னிஷன் ஸ்விட்ச், மறுபக்கம் டைனமோவின் ‘டி’ முனை. டைனமோ வோல்டேஜ் பேட்டரிக்குச் சமமாக ஏறினால் இருபுறமும் ஒன்றாகி லைட் அணையும். பகலில் பாதி சார்ஜ் போதும் என்பதற்காக ஃபீல்டு காயிலோடு (டைனமோவுக்குள் காந்தப்புலம் உண்டாக்கும் சுருள்) ஒரு ரெசிஸ்டன்ஸ் கம்பி சேரும். ஹெட்லைட் போட்டால் ஸ்விட்ச் அதை விலக்கிவிடும். உங்கள் வண்டியில் அந்தக் கம்பி அறுந்திருக்க வேண்டும். பகலில் ஃபீல்டுக்குக் கரண்டே இல்லை, சார்ஜும் இல்லை. இன்ஜினை நிறுத்தி, கம்பியின் இரு முனைகளிலும் ஓம் பாருங்கள். அறுந்திருந்தால் மீட்டர் அசையாது. வயர் போட்டு இணைத்து அப்படியே ஓட்டாதீர்கள், பேட்டரி ஓவர்சார்ஜ் ஆகும். இன்னொன்று: சோதிக்கிறேன் என்று பேட்டரியைக் கழற்றிவிட்டு இந்த வகை டைனமோவை ஓடவிடவே கூடாது. வோல்டேஜ் எகிறி பல்பும் ஃபீல்டு காயிலும் கருகும்.

கேள்வி: சிவப்பு லைட்டின் பல்பு போனால் சார்ஜ் நின்றுவிடுமா?

பதில்: டைனமோவுக்குப் பதில் ஆல்டர்னேட்டர் உள்ள பிற்கால வண்டிகளில் பலவற்றில் அந்தப் பயம் உண்டு. டைனமோவுக்கு இல்லை; இரும்பில் தங்கியிருக்கும் காந்தமே அதைக் கிளப்பிவிடும். பல்பு மாற்றும்போது பழையதன் எண்ணைப் படியுங்கள். 2.5 வோல்ட், 0.2 ஆம்பியர் என்றிருந்தால் அதனோடு ஒரு ரெசிஸ்டன்ஸ் இருக்கும். அங்கே 6 வோல்ட் பல்பு போட்டால் பகல் வெளிச்சத்தில் எரிவதே தெரியாது.