வளரும் பெண்ணின் மார்பகம்: அம்மாக்களும் மகள்களும் கேட்டவை, டாக்டரின் பதில்கள்

என் மகளுக்கு 9 வயது. இடது மார்புக் காம்புக்குக் கீழே மட்டும் கட்டி மாதிரி இருக்கிறது. தொட்டால் வலிக்கிறது என்கிறாள். புற்றுநோயாக இருக்குமோ என்று தூக்கமே வரவில்லை, டாக்டர்.

நிம்மதியாகத் தூங்குங்கள் அம்மா. நீங்கள் சொல்வது மார்பகம் வளரத் தொடங்கும் முதல் மொட்டு. 8 வயதுக்கும் 13 வயதுக்கும் இடையில் எப்போது வேண்டுமானாலும் வரலாம். சட்டைப் பட்டன் அளவில் கெட்டியாக இருக்கும், துணி உரசினால்கூடச் சுருக்கென்று வலிக்கும். பெரும்பாலும் ஒரு பக்கம்தான் முதலில் வரும், மறுபக்கம் சில மாதம் கழித்து எட்டிப் பிடிக்கும்.

அதை நசுக்கிப் பார்ப்பதும், தேய்த்துக் கரைக்க முயல்வதும் வேண்டவே வேண்டாம். பின்னாளில் மார்பகமாக வளர வேண்டிய திசு முழுக்க அந்த மொட்டுக்குள்தான் இருக்கிறது. கட்டி என்று தவறாக நினைத்து அதை வெட்டி எடுத்தால், அந்தப் பக்கம் வளராமலே நின்றுவிடும். அவசரப்பட்டு ஆபரேஷன் என்று யார் சொன்னாலும், குழந்தைகள் நல மருத்துவர் ஒருவரிடமும் காட்டிவிட்டு முடிவெடுங்கள். தோல் சிவந்து, சூடாகி, காய்ச்சலும் அடித்தால் மட்டும் தாமதிக்காமல் போக வேண்டும். அது கிருமித் தொற்று.

மொட்டு வந்து ஏறக்குறைய 2 அல்லது 3 ஆண்டுகளில் மாதவிடாய் தொடங்கும். மகளிடம் அதைப் பற்றிப் பேச இதுதான் நல்ல நேரம்.

7 வயதிலேயே வந்துவிட்டால்?

டாக்டரிடம் காட்டுங்கள். அதேபோல 13 வயது முடிந்தும் வளர்ச்சியே தொடங்கவில்லை என்றாலும் காட்ட வேண்டும்.

எனக்கு 15 வயது. ஒரு பக்கம் பெரிதாகவும் இன்னொரு பக்கம் சிறிதாகவும் இருக்கிறது. பெரிதாக்க எண்ணெய், மாத்திரை என்று விளம்பரம் வருகிறதே, வாங்கலாமா?

வாங்காதே அம்மா. எந்த எண்ணெயும் க்ரீமும் மார்பகத்தை வளர்க்காது. மாத்திரையில் என்ன கலந்திருக்கிறது என்றே தெரியாது. ஹார்மோன் இருந்தால் உன் மாதவிடாய்தான் தாறுமாறாகும். இரண்டு பக்கமும் அச்சடித்தது போல ஒன்றாக இருக்கும் பெண்கள் குறைவு. உனக்கு இன்னும் வளர்ச்சி முடியவில்லை, 17, 18 வயது வரைகூட மாறிக்கொண்டிருக்கும். வித்தியாசம் மிக அதிகமாக இருந்தால் பிராவின் ஒரு பக்கத்தில் பஞ்சு வைத்துச் சமன் செய்துகொள்ளலாம். காம்பைச் சுற்றி ஒன்றிரண்டு முடி இருப்பதும், தோலில் கோடுகள் விழுவதும் இயல்பானவை. முடியைப் பிடுங்காதே, புண்ணாகிவிடும்.

பிரா எப்போது போட வேண்டும்? இரவில் போட்டால் புற்றுநோய் வரும் என்கிறார்களே?

பிராவால் புற்றுநோய் வராது, இரவோ பகலோ. போடுவதற்கு வயதுக் கணக்கும் இல்லை. ஓடும்போது அசௌகரியமாக இருக்கிறது என்று பெண் சொன்னால் அப்போது போதும். கழற்றிய பிறகு தோலில் ஆழமான தடம் இருந்தால், அது இறுக்கம், அளவை மாற்றுங்கள். விளையாடும் பெண்களுக்கு ஸ்போர்ட்ஸ் பிரா நல்லது.

17 வயது மகளுக்கு மார்பில் கோலி போல ஒரு கட்டி. தொட்டால் வழுக்கி நகர்கிறது, வலி இல்லை.

இந்த வயதில் இது பெரும்பாலும் ஃபைப்ரோஅடினோமா, புற்றுநோய் அல்லாத கட்டி. இருந்தாலும் நாமே முடிவு கட்டக் கூடாது, ஒரு முறை டாக்டர் பார்க்கட்டும். தேவைப்பட்டால் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எடுப்பார்கள். இளம் வயதில் மார்பகத் திசு அடர்த்தியாக இருப்பதால் மேமோகிராமில் (மார்பக எக்ஸ்ரே) தெளிவாகத் தெரியாது. சிறியதாக இருந்தால் சில மாதம் கவனித்தாலே போதும், பல தானாகச் சுருங்கிவிடும். வேகமாகப் பெரிதானால் எடுத்துவிடுவார்கள். பதின்வயதில் மார்பகப் புற்றுநோய் மிக மிக அரிது.

மாதவிடாய்க்கு முந்தைய வாரம் இரண்டு பக்கமும் கனத்து வலிக்கிறது.

ஹார்மோன் ஏற்ற இறக்கத்தால் வருவது. மாதவிடாய் வந்ததும் குறைந்துவிடும். சரியான அளவில் பிரா, வெதுவெதுப்பான ஒத்தடம் போதும்.

காம்பிலிருந்து ஏதோ கசிகிறது. அம்மாவிடம் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

சொல்லிவிடு கண்ணா, இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பிழிந்து பிழிந்து பார்க்காதே, அதனாலேயே கசிவு கூடும். பால் போல இருந்தால் ஹார்மோன் காரணமாகவோ, வேறு நோய்க்குச் சாப்பிடும் மாத்திரை காரணமாகவோ இருக்கலாம். ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். ரத்தமோ சீழோ வந்தால் இந்த வாரமே டாக்டரைப் பார். ஆண் டாக்டர் என்றால் தயக்கமா? பெண் டாக்டர் வேண்டும் என்று கேள், பரிசோதனையின்போது அம்மா பக்கத்தில் இருக்க வேண்டும் என்றும் கேள். இரண்டும் உன் உரிமை.