மான் மேய்ந்தாலும் தழைக்கிற பயிர் எது?

கேள்வி: அமெரிக்காவில், பென்சில்வேனியாவில் இருக்கிறோம். வீட்டுக்குப் பின்னால் அரை ஏக்கரில் மான்களுக்காகவே சோயா விதைத்தோம். மூன்றே வாரத்தில் வெறும் குச்சிதான் மிச்சம். எதைப் போட்டால் தாங்கும்?
– வாசகி, பென்சில்வேனியா

பதில்: உங்கள் மேல் தப்பில்லை அம்மா. சின்ன இடத்தில் சோயா போட்டால் அப்படித்தான் ஆகும். முளைத்த கையோடு விதையிலைக்கு (முதலில் வரும் தடித்த இலை ஜோடிக்கு) கீழே மான் கடித்துவிட்டால் அந்தச் செடி அவ்வளவுதான், மறுபடி துளிர்க்காது.

வெள்ளை குளோவர் என்ற தீவனப் பயிரைப் போடுங்கள். அதன் தண்டு தரையோடு படர்ந்து கணுவுக்குக் கணு வேர்விடும். மான் பெரும்பாலும் மேலே நிற்கும் இலையைத்தான் தின்னும் என்பதால், மேய மேய அடியிலிருந்து புது இலை வந்துகொண்டே இருக்கும். கூடவே சிக்கரி கலந்துகொள்ளுங்கள், ஆணிவேர் ஆழமாகப் போவதால் கோடையிலும் தாக்குப்பிடிக்கும். ஆனால் முதலில் மண் பரிசோதனை. மண்ணின் புளிப்பைக் காட்டும் பிஎச் அளவு 6-க்குக் கீழே இருந்தால் (புளிப்பு அதிகம் என்று அர்த்தம்) சுண்ணாம்பு போடாமல் விதைக்காதீர்கள், காசுதான் வீண். குளோவர் விதை கடுகைவிடச் சிறியது, கால் அங்குலத்துக்கு மேல் ஆழம் வேண்டாம்.

அப்புறம், செப்டம்பரில் கோதுமை மாதிரியான ரை தானியம் கொஞ்சம் தூவுங்கள், குளிரிலும் முளைக்கும். ரைகிராஸ் என்பது வேறு, அது புல் வகை, அதை வாங்கிவிடாதீர்கள்.

சரி, மான் எவ்வளவு தின்கிறது என்று எப்படித் தெரியும்? கம்பிவலையை மூன்றடி அகல வளையமாகச் சுருட்டி பயிருக்கு நடுவில் நட்டு வையுங்கள், அதற்குள் மான் மேய முடியாது. உள்ளே ஒரு சாண் உயரம், வெளியே விரல் உயரம் என்றால் பயிரில் குறையில்லை, இடத்துக்கு மான்தான் அதிகம்.