தம்பியின் ரிஸ்பெரிடோனை நாளையே நிறுத்தாதீர்கள்

சகோதரி, அறிவுத்திறன் குறைபாடுள்ள உங்கள் தம்பி கன்னத்தில் அறைந்துகொள்கிறான் என்று ரிஸ்பெரிடோன் என்ற மனநோய் மாத்திரையைக் கொடுத்தார்கள், எட்டு மாதத்தில் 14 கிலோ கூடிவிட்டது, நிறுத்திவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். திடீரென்று வேண்டாம். தூக்கம் கெடலாம், ஆவேசம் இன்னும் கூடலாம். மருத்துவரைக் கேட்டுப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். வலிப்பு மாத்திரை இருந்தால் அதை நீங்களாக நிறுத்தவோ குறைக்கவோ செய்யாதீர்கள்.

என் மகனுக்கும் பேச்சு வராது. இடது கன்னத்தில் மட்டுமே அடித்துக்கொள்வான். மாத்திரையின் அளவு ஏறிக்கொண்டே போனது. ஒருநாள் இட்லியை வலப்பக்கம் ஒதுக்கியே மெல்வதைப் பார்த்தேன். இடது கடைவாய்ப் பல் வேர்வரை சொத்தை! பிடுங்கிய வாரமே அடி நின்றது. இத்தனை நாள் வலியோடு இருந்தானே என்று இன்னும் மனசு ஆறவில்லை. அதனால் முதலில் பல், காது, மலச்சிக்கல் மூன்றையும் பார்த்துவிடுங்கள்.

2008இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வந்தது. அறிவுத்திறன் குறைபாட்டோடு ஆவேசம் காட்டும் 86 பேருக்கு ரிஸ்பெரிடோன், அதே வகைப் பழைய மருந்தான ஹாலோபெரிடால், மருந்தில்லாத வெற்று மாத்திரை என்று பிரித்துக் கொடுத்தார்கள். மூன்று குழுவிலும் ஆவேசம் குறைந்தது. அதிகம் குறைந்தது வெற்று மாத்திரைக் குழுவில்தான். மனநோய் உறுதியாக இருப்பவர்களின் கதை வேறு, அவர்களுக்கு மருந்து தேவை.

அப்புறம், எப்போது அடித்துக்கொள்கிறான், அதற்கு முன் என்ன நடந்தது என்று இரண்டு வாரம் நோட்டில் எழுதுங்கள். அதோடு போய், “இது எந்த நோய்க்கு? எப்போது குறைத்துப் பார்க்கலாம்?” என்று நேராகக் கேளுங்கள். சர்க்கரை, கொழுப்பு பரிசோதனையும் கேளுங்கள். உட்கார முடியாமல் நடந்துகொண்டே இருந்தால் சொல்லுங்கள், அது மருந்தின் பக்கவிளைவாகவும் இருக்கலாம்.