ஆறு மா நிலத்தை விற்காதீர்கள்

மன்னார்குடிப் பக்கத்திலிருந்து ஒரு தந்தை எழுதியிருக்கிறார். மகள் நீட் தேர்வில் தகுதி பெற்றுவிட்டாள், ஆனால் அரசுக் கல்லூரி இடத்துக்கு அந்த மதிப்பெண் போதாது. ஆறு மா (சுமார் இரண்டு ஏக்கர்) நஞ்சையை விற்று வெளிநாட்டில் எம்.பி.பி.எஸ். சேர்த்துவிடச் சொல்லிப் பெரியப்பாவும் தாய்மாமனும் நெருக்குகிறார்களாம். பெண்ணுக்கு ஆசை மைக்ரோபயாலஜியில்.

ஐயா, உங்கள் கவலை எனக்குப் புரிகிறது. ஆனால் ஆறுதல் சொல்லிக்கொண்டிருக்க நேரமில்லை. நிலத்துக்கு அட்வான்ஸ் வாங்கிவிடாதீர்கள். வெளிநாட்டுப் படிப்பு குறைந்தது 54 மாதம், அங்கேயே 12 மாதப் பயிற்சி. திரும்பி வந்து, வெளிநாட்டில் மருத்துவம் படித்தவர்களுக்கான எஃப்.எம்.ஜி.இ. தேர்வில் 300-க்கு 150 எடுக்க வேண்டும், அதன் பிறகு இங்கே மறுபடி 12 மாதப் பயிற்சி. அந்தத் தேர்வில் தேறுகிறவர்களைவிடத் தவறுகிறவர்களே பெரும்பாலும் அதிகம். இதை ஏஜென்ட் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார். நிலமும் போய்த் தேர்வும் போனால் பெரியப்பா வந்து நாற்று நடப்போவதில்லை.

நர்சிங், பார்மசி, அக்ரி பற்றியெல்லாம் ஊரிலேயே பத்துப் பேர் சொல்வார்கள், அதை விடுகிறேன். உங்கள் கடிதத்தில் குறை சொல்வதுபோல ஒரு வரி இருந்தது. வேதாரண்யத்தில் உறவினரின் இறால் குஞ்சுப் பொரிப்பகத்துக்குப் போனவள், இரவில் தொட்டி மங்கலாக ஒளிர்வதைப் பார்த்து, “இதெல்லாம் எப்படி ஒரே நேரத்துல எரியுது?” என்று எல்லோரையும் கேட்டுக் குடைந்தாள் என்று எழுதியிருந்தீர்கள். விஞ்ஞானிகளே பல காலம் மண்டையை உடைத்துக்கொண்ட கேள்வி அது.

தொட்டியில் ஒளிர்வது பெரும்பாலும் விப்ரியோ ஹார்வேயி போன்ற பாக்டீரியா. (அலை உடையும்போது கடற்கரையில் பளிச்சிடுவது பெரும்பாலும் வேறு, அது மிதவை உயிரி.) இந்த பாக்டீரியாக்கள் ஒவ்வொன்றும் சிறு ரசாயன மூலக்கூறுகளை வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். தனியாக இருக்கும்போது அவை நீரில் கரைந்து போய்விடும். கூட்டம் பெருகப் பெருக அவற்றின் அடர்த்தி ஏறி, ஓர் அளவைத் தாண்டியதும் எல்லாச் செல்களிலும் ஒரே ஜீன்கள் முடுக்கப்படும். அப்போதுதான் வெளிச்சம் வரும். தனியாக எரிந்தால் சக்தி வீண், அதனால் ஆள் சேரும் வரை காத்திருக்கின்றன. நீல்சன், ஹேஸ்டிங்ஸ் என்ற விஞ்ஞானிகள் 1970-இல் இதைக் காட்டினார்கள். இப்படிக் கூட்டத்தின் அளவை உணர்வதற்குக் கோரம் சென்சிங் என்ற பெயர் 1994-இல் வந்தது. நோய் உண்டாக்கும் நச்சை வெளிவிடுவதும், வழுவழுப்பான படலமாக ஒட்டிக்கொள்வதும் பல பாக்டீரியாக்களில் இதே வழியில்தான் நடக்கின்றன.

நம் கடலோரத்துக்கு இது காசு விஷயம். இறாலில் ஆன்டிபயாடிக் எச்சம் இருந்தால் ஏற்றுமதிச் சரக்கு திரும்பி வந்துவிடும். பாக்டீரியாவைக் கொல்லாமல், மூலக்கூறு வழியாக அது பேசும் பேச்சை மட்டும் துண்டிக்க முடியுமா என்று ஆய்வுகள் நடக்கின்றன. சில பேசில்லஸ் பாக்டீரியாக்கள் அந்த மூலக்கூறை உடைக்கும் லாக்டோனேஸ் என்ற என்சைமைத் தயாரிக்கின்றன என்பது 2000-இல் தெரியவந்தது.

லேபில் அவள் என்ன செய்வாள்? சி.வி.026 என்று ஒரு பாக்டீரியா இருக்கிறது. அதற்குச் சொந்தமாகச் சிக்னல் (அந்த ரசாயன மூலக்கூறு) தயாரிக்கத் தெரியாது, வெளியிலிருந்து கிடைத்தால் மட்டும் ஊதா நிறமாகும். பாக்டீரியா வளர்க்கும் எல்.பி. அகார் தட்டில் அதை ஒரு கோடாக இழுத்து, பக்கத்தில் ஒரு சென்டிமீட்டர் தள்ளி, குளத்து நீரிலிருந்து பிரித்த பாக்டீரியாவை இன்னொரு கோடாக இழுத்து, 30 டிகிரியில் ஒன்றிரண்டு நாள் வைப்பார்கள். ஊதா வந்தால் சிக்னல் இருக்கிறது. வராவிட்டால் இல்லை என்று எழுதிவிடக் கூடாது. நீளமான கார்பன் சங்கிலி உள்ள சிக்னல்களுக்கு இது நிறம் காட்டாது, தட்டில் உள்ள வளர்ப்பு ஊடகம் காரமாகிவிட்டால் மூலக்கூறின் லாக்டோன் வளையமும் பிரிந்துவிடும். சிக்னலைத் தடுக்கும் பொருளைத் தேடுவதற்கு, அதே பாக்டீரியாவின் தானே ஊதாவாகிற இயல்பான வகையின் மேல், சோதிக்க வேண்டிய சாற்றை வைப்பார்கள். அப்போது சுற்றிலும் தெளிந்த வட்டம் வந்தால் சாறு பாக்டீரியாவைக் கொன்றுவிட்டது என்று அர்த்தம். வெளிறிய, கலங்கலான வட்டம் வந்தால்தான் பாக்டீரியா உயிரோடு இருக்க, பேச்சு மட்டும் நின்றிருக்கிறது. பல புராஜெக்ட்டுகள் இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு கெட்டுப்போகின்றன.

சம்பளம் பற்றி மழுப்ப மாட்டேன். பி.எஸ்சி.யோடு நிறுத்தினால் லேப் டெக்னீஷியன் வேலைதான், வருமானம் குறைவு. எம்.எஸ்சி. கட்டாயம். அதில் சேர்வதற்கான ஐ.ஐ.டி. ஜாம், கேட்-பி நுழைவுத் தேர்வுகளுக்கு இரண்டாம் ஆண்டிலேயே தயாராகத் தொடங்க வேண்டும். பிறகு சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை கிடைத்தால், பிஎச்.டி. சேர்ந்ததும் 2023 விகிதப்படி மாதம் 37,000 ரூபாயும் வீட்டு வாடகைப்படியும் வரும். சீர்காழியில் ராஜீவ் காந்தி நீர்வாழ் உயிரின வளர்ப்பு மையம் இருக்கிறது, நாகப்பட்டினத்தில் மீன்வளப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அவள் ஆசைப்படும் வேலைக்கான லேப்கள் உங்கள் வீட்டிலிருந்து தூரமில்லை.

பி.எஸ்சி.யை அரசு அல்லது அரசு உதவி பெறும் கல்லூரியில்தான் சேருங்கள், இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். லட்சக்கணக்கில் நன்கொடை கேட்கும் இடம் வேண்டாம். பணம் கட்டுவதற்கு முன் அவளை அழைத்துக்கொண்டு போய் லேபைப் பாருங்கள். நீராவியால் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவ் ஓடுகிறதா? 121 டிகிரியில் 15 நிமிடம் நிற்கிறதா? கிருமி புகாமல் வேலை செய்வதற்கான லாமினார் ஃப்ளோ மேசை மேல் தூசு படிந்திருக்கிறதா? தட்டில் கோடு இழுப்பது மாணவர்களா, அல்லது ஆசிரியர் செய்துகாட்ட அவர்கள் வேடிக்கை பார்க்கிறார்களா? மூன்றாமாண்டுப் பிள்ளைகளிடம் அவளே கேட்கட்டும், நீங்கள் வெளியே நில்லுங்கள்.