நாயை லண்டனுக்குக் கூட்டிப்போக நகையை அடகு வைக்கலாமா?

கேள்வி: மட்டக்களப்பு கல்லடியில் இருந்து எழுதுகிறேன். கணவர் நாலு வருடமாக லண்டனில் இருக்கிறார், எனக்கு விசாவுக்குப் போடப்போகிறோம். எங்கள் ஜிம்மிக்கு ஆறு வயது, பதினெட்டுக் கிலோ, அதை விட்டுவிட்டுப் போக மனமில்லை. கொழும்பில் ஒரு ஏஜென்ட் மொத்தமாக ஒரு தொகை சொல்லி, பாதியை இப்போதே கட்டச் சொல்கிறார். என் பேரில் எட்டு லட்சம் ரூபாய் நிலையான வைப்பில் கிடக்கிறது, முதிர இன்னும் ஐந்து மாதம். அதை இடையில் எடுப்பதா, மாமி சொல்வதுபோல நகையை அடகு வைப்பதா?

பதில்: இரண்டும் வேண்டாம் தங்கச்சி, பாதிக் காசை இப்போதே கட்டவும் வேண்டாம். இந்தச் செலவு ஒரே நாளில் வந்து விழுகிற செலவு இல்லை. முதலில் சின்னச் சின்னத் தொகையாகப் போகும், பிறகு மூன்று மாதம் சும்மா காத்திருக்க வேண்டும், பெரிய தொகை கடைசி இரண்டு மூன்று கிழமைக்குள்தான் கேட்பார்கள். அந்த நேரம் உங்கள் வைப்பு முதிர்ந்து கைக்கு வந்திருக்கும். இடையில் எடுத்து வட்டியை இழப்பானேன்?

ஏன் இவ்வளவு காலம் என்றால், இலங்கை விசர்நாய் நோய் உள்ள நாடு, இரத்தப் பரிசோதனை இல்லாமல் நாயை விடும் நாடுகளின் பிரித்தானியப் பட்டியலில் இல்லை. ஆகவே முதலில் நாயின் தோலுக்கடியில் வைக்கும் அடையாள மைக்ரோசிப், அதற்குப் பிறகு விசர் தடுப்பூசி, ஊசி போட்டு 30 நாளாவது போன பிறகு இரத்தம் எடுத்து ஐரோப்பிய ஒன்றியம் அங்கீகரித்த ஆய்வுகூடம் ஒன்றுக்கு அனுப்ப வேண்டும். இரத்தம் எடுத்த நாளில் இருந்து மூன்று மாதம் கழியாமல் நாய் அங்கே போய் இறங்க முடியாது. ஜிம்மிக்கு வருடா வருடம் ஊசி போட்டிருப்பீர்கள், நல்லதுதான், ஆனால் சிப் வைப்பதற்கு முன் போட்ட ஊசி எதுவும் இந்தக் கணக்கில் சேராது, சிப்புக்குப் பிறகு திரும்பப் போட வேண்டும். ஒரே நாளில் இரண்டையும் செய்யலாம், ஆனால் தடுப்பூசி அட்டையில் சிப் இலக்கம் 15 இலக்கமும் சரியாக எழுதப்பட்டிருக்கிறதா என்று மிருக வைத்தியரின் மேசையை விட்டு எழும்ப முன்னரே ஒருக்கால் ஒவ்வொன்றாகப் பாருங்கள். அதில் ஒரு இலக்கம் பிசகினால் முழு வேலையும் பிசகும். இரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி ஒரு மில்லிலீற்றருக்கு 0.5 அலகுக்குக் குறைந்தாலும் ஊசி, பரிசோதனை, மூன்று மாதம் எல்லாம் முதலில் இருந்து. ஆய்வுகூடக் கட்டணத்துக்கு இன்னொரு தடவைக்கான காசைத் தனியாக ஒதுக்கி வையுங்கள் என்று நான் சொல்வது இதற்காகத்தான்.

விசா வரட்டும், பிறகு பார்ப்போம் என்று நினைப்பீர்கள். வேண்டாம். விசாவுக்குத்தான் முதல் காசு, அதில் மறுபேச்சில்லை, அங்கே சுகாதாரக் கட்டணம் மட்டுமே வருடத்துக்கு 1,035 பவுண்ட்ஸ் கணக்கில் முன்கூட்டியே கட்ட வேண்டும். ஆனால் நாயின் இரத்தப் பரிசோதனை, அடுத்தடுத்த தடுப்பூசிகளை நாள் தவறாமல் போட்டுக்கொண்டு வந்தால் காலாவதியாகாது. விசா தாமதமானாலும், மறுத்து நீங்கள் திரும்பப் போட்டாலும், அந்தக் காசு வீணில்லை. ஆகவே அந்தச் சின்னச் செலவை இப்போதே செய்யலாம். மாதச் செலவில் மிச்சம் பிடித்தோ, கணவர் அனுப்பும் காசிலோ சமாளிக்கக்கூடியது அது.

பெரிய செலவு விமானத்தில். பிரித்தானியாவுக்குள் விமானத்தில் வரும் நாய் கார்கோவாகத்தான் வர வேண்டும், பார்வையற்றோருக்கு வழிகாட்டுவது போன்ற உதவி நாய்களுக்கு விதிவிலக்கு. கார்கோவில் நாயின் நிறையை மட்டும் பார்ப்பதில்லை, கூட்டின் பருமனையும் பார்ப்பார்கள். கூட்டின் நீளம், அகலம், உயரத்தைச் சென்ரிமீற்றரில் பெருக்கி 6,000ஆல் வகுத்தால் வருவது பருமன் நிறை. 90, 60, 65 என்று ஒரு கூடு என்றால் 58.5 கிலோ. பதினெட்டுக் கிலோ ஜிம்மிக்குக் கிட்டத்தட்ட அறுபது கிலோவுக்குக் காசு! அதற்காகக் கூட்டைச் சின்னதாக்கவும் முடியாது, நாய் உள்ளே நிமிர்ந்து நிற்கவும் திரும்பவும் படுக்கவும் வேண்டும் என்பது சர்வதேச விதி, பொருந்தாவிட்டால் கட்டுநாயக்காவிலேயே ஏற்ற மாட்டார்கள். ஆகவே ஜிம்மியை அளந்து, கூட்டின் அளவை எழுதி, அந்த அளவுக்கு விலை கேளுங்கள். மொத்தத் தொகை என்று ஒரு வரியில் சொல்கிறவரிடம் கூடு, கார்கோ, ஏற்றுமதிச் சான்றிதழ், ஹீத்ரோவில் இறக்கி வெளியே எடுக்கும் கட்டணம் என்று பிரித்துத் தரச் சொல்லுங்கள். தர மறுத்தால் வேறு ஆளைப் பாருங்கள். ஹீத்ரோச் செலவு இவர் சொன்ன விலையில் இல்லாமல் இருக்கத்தான் வாய்ப்பு அதிகம், அதைக் கணவர் அங்கேயே பவுண்ட்ஸில் கட்டட்டும். அவர் இங்கே அனுப்பி ரூபாயாக்கி, நீங்கள் அதைத் திரும்பப் பவுண்ட்ஸாக்கினால் இரண்டு பக்கமும் வங்கிக்குத்தான் லாபம்.

நாயைப் பிரித்தானியாவுக்குள் கொண்டுபோகும்போது வரும் வற் வரியை மறந்துவிடாதீர்கள். குடிபெயர்ந்து போகிறவர்களுக்கு அதில் விலக்கு இருக்கிறது. நீங்கள் ஒரு வருடமாவது பிரித்தானியாவுக்கு வெளியே வசித்து, நாயை ஆறு மாதமாவது வைத்திருந்தால் அந்நாட்டு வரித் திணைக்களத்துக்கு இணையத்தில் விண்ணப்பிக்கலாம், பயணத்துக்கு முன்பே செய்ய வேண்டும். நீங்கள் போகும் நாளுக்கும் ஜிம்மி போகும் நாளுக்கும் இடையில் ஐந்து நாளுக்கு மேல் விடவும் வேண்டாம், விட்டால் வியாபாரத்துக்குக் கொண்டுவரும் நாயின் சட்டம் பாயும்.

'பாரிஸில் இறக்கிக் காரில் கொண்டு வரலாம், மலிவு' என்று யாராவது சொந்தக்காரர் சொல்வார். இலங்கைப் பாஸ்போட்டுக்கு ஷெங்கன் விசா வேண்டும், நாய்க்கு ஐரோப்பியப் பத்திரமும் தனியாக வேண்டும். எங்கே மலிவு?

கடைசிக் கிழமைக்கு வைப்புக் காசை வைத்திருங்கள். இறங்குவதற்கு 24 முதல் 120 மணித்தியாலத்துக்குள் மிருக வைத்தியர் நாடாப்புழு மருந்து கொடுத்துப் பதிய வேண்டும், அதற்காக மட்டக்களப்பில் இருந்து வான் பிடித்துக் கொழும்பில் இரண்டு மூன்று நாள் தங்க நேரலாம், நாயை ஏற்கும் தங்குமிடம் தேட வேண்டும். பத்திரத்தில் குறை இருந்தால் அங்கே நாலு மாதம் வரை தனிமைப்படுத்துவார்கள், அந்தச் செலவும் உங்கள் தலையில்தான். மாமியின் நகை யோசனையை அந்த மாதிரி ஒரு அவசரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.