மனம் கலங்கியிருக்கும்போது ஜெபத்தில் பெலன் பெறுவது எப்படி?

2025 மார்ச் 28 மியான்மர் நிலநடுக்கத்தில் மாண்டலேயில் அண்ணன் வீடு இடிந்ததிலிருந்து, முழங்கால் போட்டாலும் ஜெபம் வரவில்லை என்று யாங்கோனிலிருந்து கேட்டிருக்கிறீர்கள்.

சகோதரி, வார்த்தை வராவிட்டால் 13-ஆம் சங்கீதத்தைச் சத்தமாக வாசியுங்கள். ஆறே வசனம்தான். முதல் இரண்டு வசனத்திலேயே ‘எதுவரைக்கும்’ என்று நான்கு முறை கேட்டுவிடுகிறார் தாவீது. அப்புறம்தான் வேண்டுதல், நம்பிக்கை கடைசியில்தான் வருகிறது. அதனால் முறையிட்டு அழுவது அவிசுவாசம் இல்லை. சிலுவைக்கு முந்தின ராத்திரி கெத்செமனே தோட்டத்தில் இயேசுவே மூன்றாம் தரமும் அதே வார்த்தைகளைச் சொல்லித்தான் ஜெபித்தார். நீங்களும் சொன்னதையே சொல்லலாம்.

தனியாகவும் சுமக்காதீர்கள். கரண்டு போன ராத்திரியில் சபையார் இரண்டு பேரைக் கூப்பிட்டு, மெழுகுவத்தி ஏற்றி, அண்ணன் பிள்ளைகளை ஒவ்வொருவராகப் பேர் சொல்லி ஜெபியுங்கள். பேர் சொல்லும்போது மனது அலையாது. தூக்கமே இல்லையென்றால் டாக்டரையும் பாருங்கள்; ஜெபம் அதற்குத் தடை இல்லை.