இரவில் கத்தி எழுப்பும் பூனைக்குட்டி: பசியா, பழக்கமா?

கேள்வி: தானியக் கிடங்கில் எலித் தொல்லை தாங்காமல் ஒரு பூனைக்குட்டியைக் கொண்டுவந்து வளர்க்கிறோம். பத்து வாரக் குட்டி, எடை 800 கிராம். இப்போதைக்கு வீட்டுக்குள் படுக்கிறது. பகலெல்லாம் தூங்கிவிட்டு இரவு 2 மணிக்கும் மறுபடி 4 மணிவாக்கிலும் கத்தி எழுப்புகிறது. பசும்பால் ஊற்றினால் குடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் மடியில் கிடந்து அடங்குகிறது. காலையில் மலம் இளகிப் போகிறது. வயிறு நிறையப் போட்டால் எலி பிடிக்காது என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வதால், காலையும் மாலையும் மட்டும் மீந்த சாப்பாட்டை வைக்கிறோம். கத்தினால் கண்டுகொள்ளாமல் விட்டுவிடலாமா?

பதில்: இப்போது விடக்கூடாது, சில நாள் கழித்து விடலாம். உங்கள் குட்டிக்கு நிஜமான பசியும் இருக்கிறது, கத்தினால் கிடைக்கும் என்ற பழக்கமும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. முதலில் பசியைத் தீர்த்துவிட்டுப் பிறகுதான் பழக்கத்தில் கைவைக்க வேண்டும். பசியோடு கத்தும் குட்டியைக் கண்டுகொள்ளாமல் விட்டால் அது இளைக்கும், கத்தலும் நிற்காது.

பசிக் கணக்கைப் பார்ப்போம். இந்த வயதுக் குட்டிக்குக் கிலோ எடைக்கு நாளொன்றுக்குச் சுமார் 200 முதல் 250 கிலோகலோரி வேண்டும். வளர்ந்த பூனையின் தேவையைப் போல இது ஏறத்தாழ மூன்று மடங்கு. 800 கிராம் குட்டிக்கு 160 முதல் 200 வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். இரைப்பையோ மிகச் சிறியது. இரண்டே வேளையில் இவ்வளவையும் அதற்குள் திணிக்க முடியாது. மாலை 6 மணிக்குச் சாப்பிட்டது நள்ளிரவுக்குள் தீர்ந்துவிடும். 2 மணிக்குக் கத்துவது நியாயம்தான். பத்து வாரத்தில் ஒரு கிலோவை ஒட்டி இருக்க வேண்டிய குட்டி 800 கிராமில் நிற்பதும் தீனி போதவில்லை என்பதையே காட்டுகிறது.

பால் இதை இன்னும் கெடுக்கிறது. தாய்ப்பால் மறந்த பிறகு, பாலில் உள்ள லாக்டோஸ் சர்க்கரையைச் செரிக்கும் நொதி குட்டியின் குடலில் குறைந்துகொண்டே போகும். செரிக்காத சர்க்கரை பெருங்குடலுக்குப் போய்ப் புளிக்கும், நீரை இழுக்கும், வயிறு கடமுட என்னும், மலம் இளகும். 50 மில்லி பசும்பாலில் முப்பது சொச்சம் கிலோகலோரிதான் இருக்கிறது. அதிலும் ஒரு பங்கு கழிச்சலில் போய்விடும். 2 மணிக்குக் குடித்த குட்டி 4 மணிக்கு மறுபடி எழுந்து நிற்பதில் வியப்பில்லை. பாலை இன்றே நிறுத்திவிடுங்கள். குடிக்க எப்போதும் சுத்தமான தண்ணீர் இருக்கட்டும். பாலை நிறுத்தி மூன்று நாளாகியும் மலம் இறுகவில்லை என்றால் காரணம் புழுவாகவோ தொற்றாகவோ இருக்கலாம். அது மருத்துவர் பார்க்க வேண்டியது.

இனி எலிப் பேச்சு. பசி வேட்டையைச் சற்றுத் தூண்டும் என்பது உண்மை. ஆனால் பூனை வேட்டையாடப் பசி மட்டும் காரணம் இல்லை. நகரும் சின்ன உருவத்தைக் கண்டால், முன்னால் தீனி இருந்தாலும் அதை விட்டுவிட்டுப் பாயும். பட்டினி போட்ட பூனை தீனி தேடி வேறு இடத்துக்குப் போய்விடும். வயிறு நிறைந்தது உங்கள் கிடங்கையே சுற்றி வரும். அது போக, 800 கிராம் குட்டியால் பெரிய எலியைச் சமாளிக்க முடியாது. எலிதான் குட்டியைக் கடித்துப் புண்ணாக்கும். ஐந்து, ஆறு மாதம் ஆகட்டும்.

அதுவரை இரவில் குட்டியைக் கிடங்கில் தனியே அடைக்க வேண்டாம். எலி மருந்து வைத்திருந்தாலோ, தானியத்துக்கு அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை போட்டு மூடியிருந்தாலோ, பகலில்கூட உள்ளே விடக்கூடாது. அந்த மாத்திரையிலிருந்து வரும் வாயு பூனையையும் கொல்லும், ஆளையும் கொல்லும். மருந்து தின்ற எலியைப் பூனை தின்றாலும் ஆபத்துதான். பூனை வைத்துக்கொள்வது என்று முடிவு செய்துவிட்டால் விஷத் தீனியைக் கைவிட வேண்டும். இரண்டும் ஒரே கிடங்கில் ஒத்துவராது.

தீனிக்கு வருவோம். பூனைக்குட்டிக்கென்றே தயாராகும் உலர்தீனியில் 100 கிராமுக்கு 380 முதல் 420 கிலோகலோரி இருக்கும். உங்கள் குட்டிக்கு நாளைக்கு 40 முதல் 50 கிராம் போதும். ஈரத்தீனி என்றால் ஏறக்குறைய 200 கிராம். பொட்டலத்தின் பின்பக்க அட்டவணையைப் பார்த்து எடைக்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள்; வளர்ந்த பூனைக்கான தீனியை எடுத்துவிடாதீர்கள். நாய்த்தீனியும் கூடாது. பூனைக்கு டாரின் என்ற சத்து தீனியிலிருந்தே கிடைத்தாக வேண்டும். அதன் உடலால் போதிய அளவு தயாரித்துக்கொள்ள முடியாது. அது குறைந்தால் கண்ணின் விழித்திரை கெடும், இதயத் தசை தளரும். இதயக் கோளாறுக்கும் டாரின் குறைவுக்கும் உள்ள தொடர்பு 1987இல் தெளிவான பிறகு, தீனி தயாரிப்பாளர்கள் அதன் அளவைக் கூட்டினார்கள். தயார்த் தீனி கட்டுப்படியாகாதவர்கள் வெந்த, எலும்பில்லாத இறைச்சியும் முட்டையும் கொடுக்கலாம். ஆனால் மாதக்கணக்கில் அதை மட்டுமே கொடுத்தால் சுண்ணாம்புச் சத்து போதாமல் எலும்பு வளையும். வீட்டில் மீந்ததில் மாவுச்சத்துதான் அதிகம், உப்பும் இருக்கும். வெங்காயம், பூண்டு சேர்ந்த எதையும் வைக்கவே கூடாது. அவை பூனையின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும்.

தீனியை ஒரே நாளில் மாற்றினாலும் கழிச்சல் வரும். ஒரு வார காலத்தில், முதலில் கால் பங்கு, பிறகு அரைப் பங்கு, முக்கால் பங்கு என்று புதியதைக் கூட்டிக்கொண்டு போங்கள். பழையது வெங்காயமும் உப்பும் கலந்த சாப்பாடாக இருந்தால், அதற்குப் பதில் வெறும் வெந்த இறைச்சியோடு புதியதைக் கலந்து ஆரம்பியுங்கள்.

நாலு மாதம் வரை நாலு வேளை, ஆறு மாதம் வரை மூன்று வேளை, பிறகு இரண்டு. 45 கிராம் என்றால் காலை 7, நண்பகல் 12, மாலை 5 மணிக்குப் பத்துப் பத்து கிராம். மீதி 15 கிராமை இரவு 10 மணிக்கு, நீங்கள் படுக்கப் போகும் முன் வையுங்கள். நள்ளிரவுப் பசியைத் தாங்கப் போவது இந்தக் கடைசி வேளைதான்.

ஆனால் அதை வெறுமனே தட்டில் வைத்துவிட்டுப் படுக்காதீர்கள். பூனையின் ஒழுங்கு, வேட்டையாடித் தின்று, உடம்பை நக்கித் துடைத்து, தூங்குவது. விடியலும் அந்தியும்தான் அது சுறுசுறுப்பாகும் நேரம். பகல் முழுக்கத் தூங்கிவிட்டு மாலையிலும் விளையாட ஆளில்லாத குட்டி, அந்தத் தெம்பையெல்லாம் இரவில் உங்கள் காலைக் கடித்துத் தீர்க்கும். அந்தி சாயும்போது ஒரு முறை, கடைசி வேளைக்குச் சற்று முன் ஒரு முறை, பத்துப் பதினைந்து நிமிடம் ஓடவிடுங்கள். ஒரு மீட்டர்க் குச்சியின் நுனியில் துணிக்கீற்றைக் கட்டித் தரையோடு இழுத்தால் போதும். துணி குட்டியின் முகத்தை நோக்கி வரக்கூடாது, அதை விட்டு ஓட வேண்டும். எந்த இரையும் பூனையை நோக்கி வராது. அவ்வப்போது பிடித்துக் கவ்வ விடுங்கள், பிடிபடாத இரை அதற்கு எரிச்சல்தான் தரும். கடைசி இரண்டு நிமிடம் வேகத்தைக் குறைத்து, கடைசிப் பிடி பிடித்ததும் தட்டை வையுங்கள். விளையாட்டு முடிந்ததும் நூல், கயிறு, துணிக்கீற்று எல்லாவற்றையும் எடுத்து உள்ளே பூட்டிவிடுங்கள். விழுங்கிய நூல் குடலைச் சுருக்கிக் கிழித்துவிடும். விரலை ஆட்டி விளையாட்டுக் காட்டும் வழக்கம் வேண்டாம்; இன்று கொஞ்சலாக இருக்கும் கடி ஆறு மாதத்தில் ரத்தம் வரவைக்கும்.

முதல் ஒரு வாரம், அன்றைய பங்கிலிருந்தே ஐந்து கிராம் உலர்தீனியை இரவில் அதன் படுக்கைக்குச் சற்றுத் தள்ளி வைத்துவிடுங்கள். விழித்துக்கொண்டால் உங்களிடம் வராமல் தானே போய்த் தின்னும். தீனி ஆளிடமிருந்துதான் வருகிறது என்ற எண்ணம் மெல்லத் தளரும். எறும்பு வராமலிருக்க, அகலத் தட்டில் அரை அங்குலம் தண்ணீர் ஊற்றி அதன் நடுவில் கிண்ணத்தை வையுங்கள். ஈரத்தீனியை இப்படி இரவு முழுக்கத் திறந்து வைக்கக் கூடாது, கெட்டுவிடும்.

படுக்க ஓர் அட்டைப்பெட்டி, உள்ளே பழைய துணி. குளிர் இரவென்றால் வெதுவெதுப்பான தண்ணீர் நிரப்பிய பாட்டிலைத் துணியில் சுற்றி ஒரு மூலையில் வையுங்கள். சூடு அதிகமென்றால் குட்டி தள்ளிப் படுக்க இடம் இருக்க வேண்டும். அதே அறையின் எதிர்ப்பக்கம் நாலு சென்டிமீட்டர் உயரத்துக்கு மணல் நிரப்பிய தட்டு. மலம் கழிக்க வழியில்லாமலும் குட்டி கத்தும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். இந்த அறையைப் பகலிலேயே பழக்கிவிட்டுப் பிறகு இரவில் விடுங்கள். திடீரென்று ஒரு நாள் உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினால் கத்தல் இரட்டிப்பாகும்.

குடற்புழுவையும் சேர்த்தே பார்க்க வேண்டும். உருளைப்புழு தாய்ப்பால் வழியாகவே குட்டிக்கு வந்துவிடும். பானை வயிறு, மங்கிய ரோமம், எவ்வளவு தின்றாலும் அடங்காத பசி, ஏறாத எடை ஆகியவை அதன் அடையாளங்கள். முதலில் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, பிறகு ஆறு மாத வயது வரை மாதம் ஒரு முறை என்று மருந்து கொடுப்பது வழக்கம். பைரன்டல் போன்ற மருந்தைக் கால்நடை மருத்துவர் எடை பார்த்துச் சொல்லும் அளவில் கொடுங்கள். 800 கிராம் உடம்புக்கு அது சில சொட்டுகளாக இருக்கும். மாட்டுக்கு வாங்கிய புழு மருந்தில் மிச்சமிருப்பதைக் குத்துமதிப்பாக ஊற்றிக் குட்டியை இழந்தவர்கள் உண்டு. பெர்மெத்ரின் கலந்த உண்ணி மருந்தும் பூனைக்கு நஞ்சு. அதைத் தெளித்த கன்றை ஒட்டிக் குட்டியைப் படுக்க விடாதீர்கள். மனிதருக்கான பாரசிட்டமால் ஒரு மாத்திரை போதும், பூனை செத்துவிடும்.

இப்படிப் பத்து நாள் போனதும் எடை போட்டுப் பாருங்கள். வாரத்துக்கு 100 கிராம் கூடியிருந்து, மலமும் இறுகியிருந்தால் இனி வரும் கத்தல் பழக்கம். இப்போது கண்டுகொள்ளாமல் விடலாம். எழுந்து போகக்கூடாது, பெயர் சொல்லக்கூடாது, திட்டவும் கூடாது. திட்டுவதும் அதற்குக் கவனிப்புதான். தண்ணீர் தெளித்தால் பயந்து ஒளியுமே தவிர எதையும் கற்காது. முதல் சில இரவு கத்தல் குறையாது, கூடும். இவ்வளவு நாள் பலித்த வழி திடீரென்று பலிக்கவில்லையே என்று இன்னும் பலமாக முயன்று பார்க்கும். பெரும்பாலோர் கைவிடுவது இந்த இடத்தில்தான். நாலாம் நாள் பொறுக்க முடியாமல் ஒருவர் எழுந்து ஊற்றிவிட்டால், அவ்வளவு நேரம் கத்தினால்தான் கிடைக்கும் என்று குட்டி பாடம் படித்துக்கொள்ளும். வீட்டில் எல்லோரும் ஒத்துக்கொண்ட பிறகே ஆரம்பியுங்கள். ஒன்றிரண்டு வாரத்தில் அடங்கும். பால் கறக்க அதிகாலையில் எழுபவர்கள் எழுந்த கையோடு தட்டை வைக்காமல், கறவை முடிந்து வந்து வைக்க வேண்டும். இல்லாவிட்டால் உங்களை எழுப்பும் வேலையைக் குட்டி எடுத்துக்கொள்ளும்.

கூடப்பிறந்த இன்னொரு குட்டி கிடைத்தால் யோசிக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். இரவு விளையாட்டு உங்களிடமிருந்து அதனிடம் போய்விடும், கிடங்குக்கும் ஒன்றை விட இரண்டு நல்லது.

கத்தலோடு சோர்வு, வாந்தி, வெளுத்த ஈறு, ரத்தம் கலந்த மலம் எது தெரிந்தாலும், அல்லது அரை நாளாகத் தீனியைத் தொடவில்லை என்றாலும் காத்திருக்க வேண்டாம், அன்றே மருத்துவரிடம் போங்கள். மணல் தட்டில் உட்கார்ந்து முக்கி முக்கிச் சிறுநீர் வராத ஆண் பூனைக்கு அது உயிர்போகும் அவசரம்.

குட்டி பெண் என்றால் ஐந்து மாதத்தை ஒட்டி இரவுக் கத்தல் மறுபடி தொடங்கலாம். நீட்டி முழக்கி, தரையில் உருண்டு, பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு கத்தும். அது பருவத்துக்கு வந்த சத்தம். தீனியாலும் விளையாட்டாலும் அடங்காது. நாலு மாதத்துக்குப் பிறகு தடுப்பூசிக்குப் போகும்போதே கருத்தடை அறுவைக்கும் நாள் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.